ஜமீனும் கண்டக்டரும்

ஜனவரி 4, ஞாயிறு

அந்தியூர் காதுகுத்துப் படங்களை இன்று கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தேன். தாய்மாமனின் சட்டைப் பொத்தான் பளிச்சென்று இருக்கிறது. மடியில் அழுகிற குழந்தையின் முகம் மங்கல். அடுத்த படத்தில் ஆசாரியின் கைவிரல் பளிச், குழந்தை மங்கல். ஒன்றிரண்டு என்றால் தூக்கிப் போட்டுவிடலாம். பாதிக்கு மேல் இந்த லட்சணம்தான்.

கேமரா கிழடு தட்டிவிட்டது. ஹோமப் புகையும் பந்தல் தூசியும் தின்று தின்று அதன் ஃபோகஸ் போய்விட்டது. அடுத்த மாதம் மஞ்சள் மண்டி தங்கமுத்து அண்ணன் மகள் கல்யாணம். கோபியில் நாங்கள் ஸ்டூடியோ வைத்த நாளிலிருந்து இவ்வளவு பெரிய இடம் வந்ததில்லை. இந்தக் கேமராவை நம்பி அங்கே போனால் மானம் கப்பலேறிவிடும்.

துளசியிடம் சொன்னேன். ஆல்பம் வேலை முழுக்க அவளுடையது. விசேஷ வீடுகளில் கூட நின்று படமும் எடுப்பாள். திரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "அதே கேமராவுல நான் எடுத்த பந்திப் படமெல்லாம் நல்லாத்தானுங்க வந்திருக்குது" என்றாள்.

பந்தியில் இலை எழுந்து ஓடவா போகிறது? அதை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அதையும் சொன்னேன். உள்ளே போய்விட்டாள்.

ஜனவரி 6, செவ்வாய்

ஈரோட்டில் அன்வர் பாய் கடை. இரண்டு கேமராக்களை எடுத்து மேஜையில் வைத்தார். இரண்டும் ஃபுல் ஃபிரேம், இரண்டும் மிரர்லெஸ். உள்ளே கண்ணாடி கிடையாது; வியூஃபைண்டரில் கண்ணை வைத்தால் தெரிவது ஒரு பொடி டிவி. மனிதன் நேராகப் பார்ப்பதை விட்டுவிட்டு டிவியில் பார்த்துப் படம் எடுக்க வேண்டுமாம். காலம் போகிற போக்கு.

ஒன்று கனமானது. சேலையின் ஜரிகையை இழை இழையாகக் காட்டும், அத்தனை மெகாபிக்சல். நிதானமாகத்தான் வேலை செய்யும், யாருக்காகவும் அவசரப்படாது. அதற்கு ஜமீன் என்று பெயர் வைத்தேன். இன்னொன்று இலேசு, ஆனால் படுவேகம். எத்தனை கூட்டமாக இருந்தாலும் ஆள் முகத்தைப் பார்த்து, கண்ணைப் பிடித்து, பச்சைக் கட்டம் போட்டுவிடும். டிக்கெட் எடுக்காதவனை நெரிசலில் கண்டுபிடிக்கிற டவுன் பஸ் கண்டக்டர் மாதிரி. அது கண்டக்டர்.

"எது வேணும்னு இப்பவே சொல்ல வேண்டாமுங்க. தங்கமுத்து அண்ணன் ஊட்டுக் கல்யாணம் வரைக்கும் ரெண்டையும் வெச்சு ஓட்டிப் பாருங்க. கைக்கு ஒத்து வர்றதை வெச்சுக்கிட்டு இன்னொண்ணைத் திருப்பிக் குடுங்க" என்றார். அன்வர் பாய் மனசு யாருக்கு வரும்!

வியூஃபைண்டர் பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம் உண்டு, அவரவர் பார்வைக்குத் தகுந்த மாதிரி திருப்பிக்கொள்ள. இரண்டிலும் கடைசி வரை திருப்பினேன். தெளிவு பத்தவில்லை. புதுப் பழக்கம், போகப் போகச் சரியாகிவிடும்.

ஜனவரி 9, வெள்ளி

ஜமீனின் லென்ஸ் கோணல். மொட்டை மாடியிலிருந்து பஸ் ஸ்டாண்டுத் தூண்களைப் பார்த்தேன். நடுவில் இருக்கிற தூண் இடுப்பு ஒடிந்து நிற்கிறது. உடனே அன்வர் பாய்க்குப் போன் போட்டுக் கத்தினேன். படத்தை அனுப்பச் சொன்னார். அனுப்பினேன்.

"தூண் நேராத்தானுங்க இருக்குது" என்றார்.

"அப்ப வியூஃபைண்டர் கோளாறு."

"எதுக்கும் கண்ணாடியத் தொடச்சுப் பாருங்களே."

துடைக்காமலா இருப்பேன்? முப்பது வருடமாக இதே பிழைப்பு, எனக்கே பாடம்.

ஜனவரி 10, சனி

கண்டக்டரிலும் தூண் வளைகிறது. எல்லாம் ஒரே சரக்கு போலிருக்கிறது.

ஜனவரி 12, திங்கள்

சத்தி ரோட்டில் வேகத்தடைக்கு யாரோ பெயிண்ட் அடிக்காமல் விட்டிருக்கிறார்கள். வண்டி தூக்கிப் போட்டது. துளசி பின்னால் உட்கார்ந்து என் தோளைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது. விழவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

திரும்பி வரும்போது, "குடுங்க, நான் ஓட்டறேன்" என்றாள். இடுப்பு வலி என்று சொல்லிக் கொடுத்தேன். வேகத்தடை வந்ததும் மெதுவாக்கினாள். "வெள்ளையா கோடு போட்டுத்தான் வெச்சிருக்கறாங்க" என்று தனக்குத் தானே சொன்னது போலச் சொன்னாள். நாங்கள் போய் வருவதற்குள் அடித்திருப்பார்கள்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். துளசி விடியாலேயே எழுந்து வாசல் நிறைய கோலம் போட்டிருந்தாள். புள்ளி வைத்த கம்பிக் கோலம். நீளமாக நேர்க்கோடுகள் போய் மூலையில் மடங்குகிற வகை. நல்ல நாளும் அதுவுமாகக் கொஞ்சம் கிண்டல் பண்ணலாம் என்று, "என்ன அம்மிணி, தூக்கக் கலக்கமா? நடுவுல கோடெல்லாம் பாம்பாட்டம் நெளியுது" என்றேன்.

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. கோலப்பொடிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். "எங்கீங்க நெளியுது?" என்றாள்.

"இங்கதான், நடுவுல."

குனிந்து அந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அதற்குள் எதிர்வீட்டு ரத்தினாக்கா வந்து, "ஸ்கேல் வெச்சுப் போட்டியா துளசி? இத்தனை நேரா எனக்கு வரமாட்டேங்குதே" என்று சொல்லிவிட்டுப் போனார். ரத்தினாக்கா நல்ல நாளில் யாரையும் குறை சொல்ல மாட்டார்.

பொங்கல் நன்றாகப் பொங்கியது. துளசி எனக்கு மட்டும் இனிப்பில்லாமல் வெண்பொங்கல் வைத்தாள். சண்டை போட்டு வாங்கிச் சர்க்கரைப் பொங்கலே தின்றேன்.

ஜனவரி 18, ஞாயிறு

ஊசியில் நூல் கோத்துத் தரச் சொன்னாள். ஜாக்கெட்டுக்கு ஹூக் தைக்க வேண்டுமாம். வேலை இருக்கிறது என்று எழுந்து வந்தேன். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தால் அவளே கோத்துத் தைத்துக்கொண்டிருக்கிறாள். அப்புறம் என்னை எதற்குக் கேட்டாள்?

தினசரி காலண்டரில் நல்ல நேரம் பார்த்துச் சொல்லச் சொல்கிறாள். மாத்திரை அட்டையை நீட்டித் தேதி முடிந்துவிட்டதா பாருங்கள் என்கிறாள். எனக்கு வைக்கிற பரீட்சை எனக்குப் புரியாது என்று நினைக்கிறாள்.

சாயந்திரம் நேராகவே கேட்டுவிட்டாள். "ஏனுங்க, ஒருக்கா கண்ணு டாக்டர்கிட்டப் போயிட்டு வந்தரலாமா? சுகரும் பாத்து ரொம்ப நாளாச்சு."

"கல்யாணம் முடியட்டும்."

"கல்யாணத்துக்கு முந்தியே போலாமுங்க."

"எனக்கு ஒண்ணுமில்லடி. கேமராதான் மாத்தணும். மாத்திட்டிருக்கறேன். கம்முனு இரு."

அப்பா கடைசிக் காலத்தில் சுவரைத் தடவித் தடவித்தான் கக்கூசுக்குப் போவார். அது வேறு. அவர் சுகர் மாத்திரையே போட மாட்டார். நான் பெரும்பாலான நாள் போடுகிறேன்.

ஜனவரி 22, வியாழன்

வெற்றி! நம்பியூரில் வளைகாப்பு. கண்டக்டரை எடுத்துக்கொண்டு போனேன். எடுத்த அத்தனையும் கண்ணில் ஃபோகஸ். கர்ப்பிணிப் பெண்ணின் இமையை எண்ணலாம் என்று துளசியே சொன்னாள். நான் ஒன்றும் செய்யவில்லை. வைத்தேன், பச்சைக் கட்டம் வந்தது, அழுத்தினேன்.

கோளாறு கேமராவில்தான் என்று நான் அன்றைக்கே சொன்னேனா இல்லையா? கண்டக்டரைத்தான் வாங்கப் போகிறேன். ஜமீன் அழகுதான். வைத்துக் கும்பிடலாம்.

வலது கண்ணுக்குப் பதில் இடது கண்ணை வைத்தும் எடுத்துப் பார்த்தேன். மூக்கு திரையில் இடித்தது. சும்மா ஒரு மாறுதலுக்கு.

ஜனவரி 23, வெள்ளி

சண்டை. இவ்வளவு பெரிய சண்டை நாங்கள் போட்டு வெகுகாலம் ஆகிறது.

நேற்றைய படங்களைப் பற்றி நான் பீற்றிக்கொண்டிருந்தேன். துளசி வெங்காயம் உரித்துக்கொண்டே, "கேமரா தேடிக் கண்டுபுடிச்சுது. சரி. அது சரியாப் புடிச்சுதா, தப்பாப் புடிச்சுதான்னு உங்களுக்குத் தெரிஞ்சுதா?" என்றாள்.

"தெரியாம?"

"அந்தச் சின்னச் சக்கரத்தை ரெண்டுலயும் கடைசி வரைக்கும் திருப்பி வெச்சிருக்கறீங்க. நான் எடுக்கும்போதெல்லாம் மறுக்கா நடுவுக்குத் திருப்பிக்கறேன். எத்தனை நாளைக்குங்க இப்படி?"

கையில் இருந்த லென்ஸ் மூடியைச் சுவரில் விட்டெறிந்தேன். கேமராவைப் பற்றி உனக்கு என்ன தெரியும், பந்திப் படம் எடுக்கிறவள் எனக்குச் சொல்லித் தருகிறாயா என்று கத்தினேன். வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் இங்கே எழுத மாட்டேன். அவள் திருப்பிக் கத்தவில்லை. வெங்காயம் உரித்து முடித்து, மூடியைத் தேடி எடுத்துத் துடைத்து என் முன்னால் வைத்தாள்.

போட்டோகிராபருக்குக் கண் போய்விட்டது என்று ஊருக்குள் ஒருத்தன் சொன்னால் போதும். அதற்குப் பிறகு யாரும் கூப்பிட மாட்டார்கள். இது அவளுக்குப் புரியாதா?

ஜனவரி 28, புதன்

கண்டக்டரில் ஒரு வித்தை இருக்கிறது. ஒருவர் முகத்தைப் பதிந்து வைத்துவிட்டால், எவ்வளவு பெரிய கூட்டத்திலும் மற்றவர்களை விட்டுவிட்டு அந்த முகத்தையே பிடிக்கும். அன்வர் பாய் போனில் சொல்லச் சொல்ல, துளசியை ஜன்னலோரம் நிறுத்தி அவள் முகத்தைப் பதிந்தேன். சண்டைக்குப் பிறகு இன்றுதான் கொஞ்சம் சிரித்தாள். "என்னையப் பதிஞ்சு என்ன பண்றது, பொண்ணு மாப்பிள்ளையப் பதியுங்க" என்றாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் அவர்களைப் பதிந்துகொள்ளலாம். இது வெள்ளோட்டம்.

பொழுதோடு சந்தைக்குப் போனோம். அவளை முன்னால் போகச் சொல்லிவிட்டு நான் வாசலில் நின்றேன். நல்ல கூட்டம். நீலச் சேலை கட்டியிருந்தாள். நீலமாக நிறையப் பேர் தெரிந்தார்கள். அவள் எங்கே என்று தேடினேன். தேடிக்கொண்டே இருந்தேன். எல்லா முகத்துக்கும் நடுவில் யாரோ எச்சில் விரலால் தேய்த்த மாதிரி இருந்தது. என் பெண்டாட்டி எது என்று எனக்குத் தெரியவில்லை.

கேமராவைத் தூக்கினேன். பச்சைக் கட்டம் ஒரு சுற்றுச் சுற்றி ஓர் இடத்தில் போய் நின்றது. அழுத்தினேன். அப்புறம் பெரிசு பண்ணிப் பார்த்தால் அவளேதான், வெங்காயக்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருக்கிறாள். நான் இருந்த இடத்திலிருந்து நாலு கடை தள்ளி.

அற்புதமான கேமரா. அதற்கு மேல் இன்றைக்கு எழுத ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

துளசி ஒரு யோசனை சொன்னாள். முகூர்த்த நேரத்துக்கு மட்டும் மேடைக்கு முன்னால் நிற்கப் பெருந்துறையிலிருந்து வேறு ஆளைக் கூப்பிடலாமாம். தங்கமுத்து அண்ணன் என்னை நம்பிக் கொடுத்த கல்யாணத்தில் வேறொருவன் தாலி கட்டுவதை எடுப்பான், நான் பாயசத்தை எடுப்பேனா?

முடியாது என்றேன்.

"சரி. அப்ப நானும் அந்நேரத்துக்கு மேடையில நிப்பேன். பெரிய கேமராவை நான் வெச்சுக்கறேன்" என்றாள். கேட்கிற குரல் இல்லை அது.

நில், ஆனால் முன்னால் நின்று என்னை மறைக்காதே, மணமக்களுக்குப் பின்னால் நில் என்றேன். அவளுக்கு வியூஃபைண்டரில் கண் வைத்து எடுக்கிற பழக்கமே கிடையாது. ஜமீனின் பின்பக்கத் திரையை மேலே மடக்கிவிட்டு, கேமராவை நெஞ்சுக்கு நேராக ஏந்திக்கொண்டு எடுப்பாள், பால் சொம்பு பிடிக்கிற மாதிரி. எனக்கு அதைக் கண்டாலே எரிச்சல். கண்ணை வைக்காமல் எடுப்பது ஒரு படமா?

பிப்ரவரி 7, சனி

மண்டபம். வரவேற்பு. பெண் பேர் மிதுளா, பல் டாக்டருக்குப் படிக்கிறாள். மாப்பிள்ளை திருப்பூர். இரண்டு பேரையும் தனியே நிறுத்தி முகத்தைப் பதிந்தேன். "என்னங்கண்ணா, ஆதார் கார்டுக்கா?" என்று பெண் சிரித்தாள். நல்ல பிள்ளை.

ஏற்கெனவே பதிந்திருந்த துளசி முகத்தை அழிக்க வேண்டும். மெனுவில் எழுத்தெல்லாம் பொடிப்பொடியாகக் கிடக்கிறது. மண்டபத்து விளக்கு வேறு கூசியது. ஏதோ கேட்டது, சரி என்று அழுத்தினேன். அழிந்துவிட்டது.

துளசியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். அவள் மணப்பெண் அறையில் இருந்தாள். இதற்கெல்லாம் ஒருத்தி வர வேண்டுமா?

பிப்ரவரி 8, ஞாயிறு

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது.

கெட்டிமேளம் என்று சத்தம் வந்தது. தாலி கட்டுவதை யாரும் மறுபடி கட்டிக் காட்ட மாட்டார்கள்; அந்த ஒரு மூச்சு நேரம்தான். வலது கண்ணை வைத்தேன். மஞ்சளாக, சிவப்பாக, அட்சதை வெள்ளையாக. முகங்கள் இருக்க வேண்டிய இடம் கலங்கிக் கிடந்தது. பச்சைக் கட்டம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. வந்தது, அது போதும். விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தேன்.

தங்கமுத்து அண்ணன் தோளில் தட்டி, "நல்லாப் புடிச்சுட்டீங்களா?" என்று கேட்டார்.

"அம்சமா வந்திருக்குதுங்கண்ணா" என்றேன்.

சாப்பாடு இறங்கவில்லை. துளசியும் சாப்பிடவில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

இன்று நடந்ததை எழுதியே தீர வேண்டும்.

நான் குளித்துவிட்டு வருவதற்குள் துளசி படங்களை எல்லாம் ஏற்றி முடித்திருந்தாள். ஸ்டூடியோவின் முன்கதவைச் சாத்தியிருந்தாள். "வந்து உக்காருங்க" என்றாள்.

தாலி கட்டுகிற வரிசையில் முதல் படத்தைத் திறந்தாள். திரை நிறைய மஞ்சளும் சிவப்பும். பெண்ணும் மாப்பிள்ளையும் தெரிந்தார்கள்; கண் இருக்கிற இடம் தெரியவில்லை. முன்னால் குனிந்தேன், பின்னால் சாய்ந்தேன். வலது கண்ணை மூடிப் பார்த்தேன், இடது கண்ணை மூடிப் பார்த்தேன். இடதில் கொஞ்சம் பரவாயில்லை, ஆனாலும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ஒரு படம் ஃபோகஸில் இருக்கிறதா இல்லையா என்று தூரத்தில் நின்றே சொல்லிவிடுகிற ஆள் நான். இன்றைக்கு மங்கல் படத்தில் இருக்கிறதா, என்னிடம் இருக்கிறதா என்று எனக்கே தெரியவில்லை.

வேறு வழியில்லாமல் கேட்டேன். "துளசி, படம் மங்கலா? இல்ல, எனக்கா?"

இந்தக் கேள்விக்காக ஒரு மாதமாகக் காத்திருந்திருக்கிறாள்.

"ரெண்டும்தானுங்க" என்றாள்.

பிறகு படத்தை நகர்த்தினாள். மணமக்களுக்குப் பின்னால், குத்துவிளக்குக்குப் பக்கத்தில் ஒரு முகம். அதைத் திரை முழுக்கப் பெரிசாக்கினாள். அவ்வளவு பெரிசாக்கியதில் எனக்கும் தெரிந்தது. மூக்குத்தி, நெற்றி வியர்வை, கலைந்த குங்குமம். துளசி. அவள் முகத்தில் மட்டும் துல்லியம் கத்தி முனையாக இருந்தது.

"அழிச்சேனே" என்றேன்.

"அழியலீங்க. இப்பத்தான் மெனுவுல பாத்தேன். மொத ஆளா நான்தான் இருக்கறேன். பொண்ணும் மாப்பிள்ளையும் எனக்குப் பின்னாடி. நான் அங்க நின்னதும் என்னையப் புடிச்சுக்கிச்சு."

அடுத்த படம். அடுத்தது. அதற்கடுத்தது. முன்னால் மாப்பிள்ளை தாலியை எடுக்கிறான், கட்டுகிறான், பெண் தலை குனிகிறாள், அட்சதை பறக்கிறது, எல்லாம் மங்கல். பின்னால் துளசி பளிச். மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் தாலியைப் பார்க்கிறார்கள். அவள் மட்டும், கேமராவை நெஞ்சோடு ஏந்திக்கொண்டு, நேராக என்னைப் பார்க்கிறாள். எல்லாப் படத்திலும் என்னைத்தான் பார்க்கிறாள். கண் நிறையத் தண்ணீர். கல்யாண மேடையில் சந்தோஷத்தில் அழுகிறவர்களை எத்தனையோ பேரை எடுத்திருக்கிறேன், அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது அது இல்லை. இவள் பயந்துபோய் நின்றிருக்கிறாள்.

ஒரு மாதமாக இந்த முகத்தோடு என் பக்கத்தில் நடமாடியிருக்கிறாள். எனக்குத் தெரியவில்லை. கண் தெரியாததால் மட்டும் இல்லை.

அழுதேன். மறைக்க ஒன்றும் இல்லை, அழுதேன். "எனக்கு நடுவுல ஒண்ணுமே தெரிய மாட்டேங்குதுடி. அப்பனாட்டமே ஆயிருவேனா?" என்று கேட்டேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "கம்முனு இருங்க. நாளைக்குக் காலையில மொத பஸ்ஸுக்குப் போறோம்" என்றாள்.

பிறகு ஜமீனில் அவள் எடுத்த படங்களைக் காட்டினாள். பின்னாலிருந்து எடுத்தவை. பெண்ணின் பின்கழுத்து, மல்லிகைச் சரம், மாப்பிள்ளை விரல் முதல் முடிச்சுப் போடுவது, அவன் அக்கா கை நீட்டி அடுத்த முடிச்சை இறுக்குவது. பெண் லேசாகத் திரும்பியதில் பாதி முகம். நூலில் மஞ்சள் ஒட்டியிருப்பது கூட இருக்கிறது என்று அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். என்னைப் பார்த்துக்கொண்டே, கையால் மட்டும் இதை எடுத்திருக்கிறாள்.

பிப்ரவரி 10, செவ்வாய்

கோவை. கண் ஆஸ்பத்திரி. கண்ணில் சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்து, படம் எடுத்தார்கள். என் கண்ணுக்குள் படம் எடுக்கிற கேமரா என்ன மாடல் என்று கேட்டேன். துளசி தொடையில் கிள்ளினாள்.

டாக்டரம்மா சின்ன வயசு. கட்டம் போட்ட தாளை நீட்டி, "கோடெல்லாம் நேரா தெரியுதுங்களா?" என்றார். நடுவில் கட்டங்கள் உருகிக் கிடந்தன. சொன்னேன்.

"எப்ப இருந்து இப்படி?"

நான் வாயைத் திறப்பதற்குள் துளசி சொன்னாள். "பொங்கல் அன்னிக்குக் கோலம் நெளியுதுன்னு சொன்னாருங்க. அதுக்கும் முந்தியே இருந்திருக்கும்."

சர்க்கரையால் விழித்திரையில் நீர் கோத்திருக்கிறதாம். கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டும், மாதாமாதம். இடது கண் தப்பித்துவிடும் என்றார். வலது கண்ணில் போனது எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாதாம். "கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார். துளசி என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

பிப்ரவரி 11, புதன்

தங்கமுத்து அண்ணன் வீட்டுக்கு நானே போனேன். வேறு ஏதாவது சாக்குச் சொல்லலாம் என்று வழியெல்லாம் தோன்றிக்கொண்டே இருந்தது. துளசி வண்டியை ஓட்டினாள். போய் நின்று, முன்னாலிருந்து எடுத்த தாலிப் படம் எல்லாம் வீண், என் கண்ணில் கோளாறு, அது தெரிந்தும் வந்து நின்றேன் என்று சொன்னேன்.

அவர் கத்தினார். கத்தத்தான் செய்வார். "ஒரே பொண்ணுங்க எனக்கு! தெரிஞ்சே இப்படிப் பண்ணிப்போட்டீங்களே!" என்றார். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன்.

மறுவீட்டுக்கு வந்திருந்த மிதுளா துளசியின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முடிச்சுப் படத்தில் நின்றுவிட்டாள். "அப்பா, இது எனக்குத் தெரியவே தெரியாது. என் முதுகுக்குப் பின்னாடி நடந்தது" என்றாள். அண்ணனும் பார்த்தார். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. "இதைப் பெருசாப் போட்டுக் குடுங்க" என்று துளசியிடம் சொன்னார், என்னிடம் இல்லை.

நாளை மறுநாள் ஊசி.

பிப்ரவரி 14, சனி

எழுதுவது துளசிமணி. இவர் கண்ணில் கட்டுப் போட்டிருக்கிறார்கள். டைரியைப் பாதியில் விடக்கூடாதாம், சொல்லச் சொல்ல எழுது என்கிறார். முன்பக்கங்களைப் புரட்டக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். புரட்டவில்லை. அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

நேற்று ஊசி போட்டார்கள். வலிக்கவில்லை என்று எழுதச் சொல்கிறார். என் கையை நசுக்கிவிட்டார் என்பதை நான் சேர்த்துக்கொள்கிறேன்.

காலையில் அன்வர் பாய் போன் பண்ணினார், எந்தக் கேமராவை வைத்துக்கொள்கிறீர்கள் என்று. இவர் போனை என்னிடம் நீட்டி, "உன்ர கைக்கு எது ஒத்து வருதோ சொல்லு" என்றார். பெரியது என்று சொன்னேன். இவருக்கு ஆச்சரியம். "கனமாச்சே, அது யாரையும் தேடித் தராதே" என்றார். எனக்கு யார் முகத்தையும் தேடித் தர வேண்டாம், நானே பார்த்துக்கொள்வேன் என்றேன்.

சின்னதைத் திருப்பிக் கொடுக்கிறோம். அதிலிருந்த மூன்று முகங்களையும் நானே அழித்தேன், அழிந்ததா என்று இரண்டு தடவை பார்த்தேன்.

இடது கண் நன்றாக ஆனதும், பந்திப் படம் எல்லாம் தானே எடுப்பதாகச் சொல்கிறார். எடுக்கட்டும்.

இன்னும் ஒன்று எழுதச் சொல்கிறார். எதற்கு என்றால் எழுது என்கிறார். பொங்கல் அன்றைக்கு நான் போட்ட கோலம் நேராகத்தான் இருந்தது என்று எழுத வேண்டுமாம்.

எழுதிவிட்டேன்.